பூத்தது கள்ளி, பொய்த்தது பெயர்!



மொட்டை மாடியிலும் சன்னல் ஓரத்திலும் சின்னஞ்சிறு தொட்டிகளில் கள்ளிச்செடி வளர்க்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவியிருக்கிறது. மற்றச் செடிகளைப்போல் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டியதில்லை. பத்து நாள் வெளியூர் போய் வந்தாலும் செடி வாடாமல் இருக்கும். கடையில் வாங்கும்போதே தொட்டியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் சீட்டு செருகப்பட்டிருக்கும். அதில் செடியின் பெயர் எழுதியிருக்கும். பெயர் இலத்தீனில் இருப்பதால் நமக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை! எழுதியவர் தெரிந்துதான் எழுதியிருப்பார் என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி ஒரு தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு பச்சை உருண்டை. மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு வரப்புகள். வரப்புகளின்மேல் வரிசையாக முள் கொத்துகள். சீட்டில் ‘ஜிம்னோகாலிசியம்’ என்று எழுதியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் செடி பூக்கவே இல்லை. நான்காம் ஆண்டுக் கோடையில், உருண்டையின் விலாப்பக்கத்தில், ஒரு முள் கொத்தையொட்டிச் சாம்பல் நிறப் பஞ்சு போல ஒன்று தோன்றுகிறது. நாட்கள் செல்லச்செல்ல அது நீண்டு, உடலெல்லாம் மயிர் போர்த்த குழலாகிறது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அதன் நுனி விரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்மலர் ஆகிறது. அடியிலிருந்து நுனிவரை அளந்தால் ஏறத்தாழ 20 செ.மீ. மறுநாள் மாலைக்குள் அது துவண்டு தொங்கிவிடுகிறது.

பூவைக் கண்டு மகிழ்ந்ததோடு பலர் நின்றுவிடுவார்கள். ஆனால் கள்ளிகளை அறிந்த ஒருவர், அது மொட்டாக இருக்கும்போதே, “இந்தச் சீட்டு தவறு” என்று சொல்லிவிடுவார். செடியை மூன்று ஆண்டுகள் பார்த்தும் தெரியாத உண்மை ஒரு மொட்டினால் எப்படித் தெரிந்தது? அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

சீட்டில் பிழை நேர்வது எப்படி?

கள்ளியின் விதைகள் மிகச் சிறியவை. நாற்றுப்பண்ணைகளில் தட்டுத் தட்டாக விதைக்கிறார்கள். முளைத்து வரும் நாற்றுகள் எல்லாம் பச்சைப் பட்டாணி போல ஒன்றுபோலவே இருக்கும். ஒரு தட்டின் சீட்டு இன்னொரு தட்டுக்கு மாறிவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். வெயிலில் மை மங்கிப்போவதும் உண்டு. அப்போது கடைக்காரர் செடியைப் பார்த்து, ஏதோ ஒரு பெயரை நினைவிலிருந்து எழுதி வைப்பார்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாம் கற்பனை செய்த உருண்டைக் கள்ளி போன்றவை அடிப்பக்கத்தில் கன்றுகளை ஈன்றுகொண்டே இருக்கும். கன்றைப் பிடுங்கி அண்டை வீட்டாருக்குக் கொடுக்கிறோம். கூடவே பெயரையும் எழுதிக் கொடுக்கிறோம். தாய்ச்செடியின் சீட்டிலிருந்த பிழை இப்படிப் பத்து வீடுகளுக்குப் போய்விடுகிறது. பிறகு பத்துப் பேரும் ஒப்பிட்டுப் பார்த்து, “எல்லாச் சீட்டிலும் இதே பெயர்தானே இருக்கிறது!” என்று உறுதி செய்துகொள்கிறார்கள். பத்துச் சீட்டுகள் இருந்தாலும் சான்று ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். மற்ற ஒன்பதும் அதன் நகல்கள்.

இந்தப் பிழை நெடுநாள் வெளிப்படாமல் இருப்பதற்குக் காரணம், கள்ளிகள் பூக்க எடுத்துக்கொள்ளும் காலம். சிறிய உருண்டைக் கள்ளிகள் சில ஆண்டுகளில் பூத்துவிடும். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வளரும் ‘சகுவாரோ’ என்னும் தூண்கள்ளியோ 35 வயதையொட்டித்தான் முதல் பூவைக் காட்டுகிறது.

தண்டு ஏன் நம்மை ஏமாற்றுகிறது?

பூவில்லாவிட்டால் என்ன, செடியின் உருவத்தைப் பார்த்தே பெயர் சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்குச் சொல்லலாம். ஆனால் உருவத்தை நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

5 செ.மீ. ஆரமுள்ள ஒரு கோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு சுமார் 524 கன செ.மீ. அதன் மேற்பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. இதே 524 கன செ.மீ. பொருளை 1 மி.மீ. தடிப்புள்ள இலைகளாகத் தட்டி விரித்தால் என்ன ஆகும்? ஒரு பக்கத்தின் பரப்பு மட்டும் 5,240 சதுர செ.மீ. வரும். இரு பக்கமும் சேர்த்தால் 10,480 சதுர செ.மீ. அதாவது, உருண்டையாக இருந்தபோது இருந்ததைப்போல் 33 மடங்கு! நீர் ஆவியாகிப் போவது மேற்பரப்பின் வழியாகத்தான். ஆகவே, மழை அரிதான நிலத்தில் பிழைக்க விரும்பும் செடி இலைகளை விட்டொழித்து, நீரைத் தண்டில் சேமித்து, அந்தத் தண்டையும் உருண்டையாகவோ உருளையாகவோ ஆக்கிக்கொள்வது இலாபகரமானது. மழைக் காலத்தில் வீங்கவும் வறட்சியில் சுருங்கவும் வரப்புகள் உதவுகின்றன, துருத்தியின் மடிப்புகளைப்போல.

வடிவியல் எல்லாச் செடிகளுக்கும் ஒன்றுதான். எனவே வறண்ட நிலத்தில் வாழும் செடிகள், தமக்குள் எந்த நெருங்கிய உறவும் இல்லாவிட்டாலும், ஒரே உருவத்துக்கு வந்து சேர்கின்றன. தண்டைப் பார்த்தால் அந்தச் செடி எப்படி வாழ்கிறது என்பது தெரியும். அது யாருக்கு உறவு என்பது தெரிவது கடினம்.

இன்னொரு குறையும் உண்டு. தொட்டியில் வளரும் கள்ளி சூழ்நிலைக்கேற்ப உருமாறும். வெளிச்சம் குறைந்தால் உருண்டைக் கள்ளி வெளிறி நீண்டு தூண் போலாகிவிடும். முட்கள் மெலிந்துவிடும். ஒரே தாயின் இரு கன்றுகளை மாடி வெயிலில் ஒன்றும் அறைக்குள் ஒன்றுமாக வளர்த்தால் இரண்டையும் வெவ்வேறு இனம் என்றே நினைப்பீர்கள்.

பூவில் என்ன இருக்கிறது?

பூவின் அமைப்பு இப்படி எளிதில் மாறுவதில்லை. செழிப்பாக வளர்ந்த செடியில் பூ சற்றுப் பெரிதாகவும், நலிந்த செடியில் சற்றுச் சிறிதாகவும் இருக்கலாம். ஆனால் சூற்பை எங்கே அமைந்திருக்கிறது, மகரந்தத்தாள்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, பூக்குழலின்மேல் மயிர் உண்டா இல்லையா என்பவை பரம்பரையாக வருபவை. தொட்டியை நிழலில் வைப்பதால் மயிருள்ள பூ மயிரற்றதாகிவிடாது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் மகரந்தத்தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணியே தாவரங்களை வகைப்படுத்தினார். 1753-இல் வெளியான நூலில் அவர் கள்ளிகள் அனைத்தையும் ‘காக்டஸ்’ என்ற ஒரே பேரினத்தில் அடக்கி, 22 இனங்களை மட்டுமே குறிப்பிட்டார். இன்று கள்ளிக் குடும்பத்தில் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

கள்ளிப் பூவுக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. எந்தக் கள்ளியாயினும் முட்கள் தண்டிலிருந்து நேரடியாகக் கிளம்புவதில்லை. பஞ்சு வைத்தாற்போன்ற ஒரு சிறு திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்புகின்றன. தாவரவியலார் இத்திட்டினை ‘ஏரியோல்’ என்பர். நாம் ‘முள்மேடை’ என்று அழைப்போம். கள்ளிப் பூவில் சூற்பை தண்டின் திசுவுக்குள் புதைந்திருக்கிறது. ஆகவே சூற்பையையும் பூக்குழலையும் வெளியே மூடியிருப்பது தண்டின் தோலே! தண்டில் உள்ள முள்மேடைகள் பூக்குழலின்மேலும் தொடர்ந்து வரலாம். அவற்றிலிருந்து முள்ளோ மயிரோ முளைக்கலாம். ஒன்றுமே முளைக்காமலும் போகலாம். எது நேர்கிறது என்பது பேரினத்துக்குப் பேரினம் வேறுபடும்.

இதற்குச் சான்று வேண்டுமா? சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பறித்துத் தின்றவர்களைக் கேளுங்கள். பழத்தின் தோலில் புள்ளிபுள்ளியாக இருக்கும் திட்டுகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்முட்கள் விரலில் ஏறிய கதையைச் சொல்வார்கள். அந்தத் திட்டுகள் முள்மேடைகளே. மாமில்லேரியா என்னும் சிறு உருண்டைக் கள்ளியின் பழமோ மிளகாய் போல வழவழப்பாக இருக்கும். டிராகன் பழத்தில் முள்ளும் இல்லை, மயிரும் இல்லை. செதில்கள் மட்டுமே இருக்கின்றன.

சீட்டை விசாரிப்போம்

இப்போது நம் தொட்டிக்கு வருவோம். சீட்டில் எழுதியிருந்த பெயர் ஜிம்னோகாலிசியம். இது கிரேக்கச் சொற்களால் ஆனது. ‘ஜிம்னோஸ்’ என்றால் ஆடையற்றது. ‘காலிக்ஸ்’ என்றால் புல்லிவட்டம் அல்லது மொட்டு. அதாவது ‘ஆடையற்ற மொட்டு’! அந்தப் பேரினத்தின் மொட்டுகளில் மயிரோ முள்ளோ கிடையாது; அகன்ற வழவழப்பான செதில்களே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

பார்த்தீர்களா? சீட்டு வெறும் பெயரைச் சொல்லவில்லை. “இச்செடி பூத்தால் மொட்டு வழுவழுவென்று இருக்கும்” என்று முன்கூட்டியே ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருதுகோளிலிருந்து ஒரு முடிவை வருவித்து, சோதனையில் அது வருகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். முதல் மொட்டு மயிர் போர்த்து வந்தது. கருதுகோள் விழுந்துவிட்டது.

ஆனால் இன்னது அன்று என்று தெரிவதோடு விசாரணை முடிவதில்லை. இன்னது எது என்று அறிய மேலும் சான்றுகள் தேவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மொட்டு தோன்றிய இடம். ஜிம்னோகாலிசியத்தில் அது பெரும்பாலும் உச்சியையொட்டிய இளம் முள்மேடைகளில் தோன்றும். நம் செடியில் விலாப்பக்கத்து முதிய முள்மேடையில் தோன்றியது.

இரண்டாவது, குழலின் நீளம். ஜிம்னோகாலிசியத்தின் பூக்கள் பெரும்பாலும் சில செ.மீ. அளவே இருக்கும். இங்கோ 20 செ.மீ.

மூன்றாவது, மலரும் நேரம். ஜிம்னோகாலிசியம் பகலில் மலர்ந்து, சில நாட்கள் விரிவதும் மூடுவதுமாக இருக்கும். நம் பூ மாலையில் மலர்ந்து மறுநாளே வாடிவிட்டது.

நான்காவது, மகரந்தத்தாள்கள். பூவின் வாயை உற்று நோக்கினால் ஒரு தொகுதித் தாள்கள் குழலின் வாயில் வளையம் போலச் சுற்றி நிற்பதும், மற்றொரு தொகுதி குழலின் உள்ளே ஆழத்தில் ஒட்டி நிற்பதும் தெரியும்.

மயிர் போர்த்த நீண்ட குழல், விலாப்பக்க மொட்டு, இரவு மலர்ச்சி, இரு தொகுதி மகரந்தத்தாள்கள்: இவை நான்கும் சேர்ந்து சுட்டுவது ‘எக்கினாப்சிஸ்’ என்னும் பேரினத்தை. ‘முள்ளெலி போன்றது’ என்பது இப்பெயரின் பொருள். 1837-இல் சுக்கரினி என்ற ஜெர்மானியத் தாவரவியலார் இப்பேரினத்தை நிறுவினார். வேடிக்கை என்னவென்றால் இரு பேரினங்களுக்கும் தாயகம் ஏறக்குறைய ஒன்றே. உருகுவே, தென் பிரேசில், அர்ஜென்டினா ஆகிய பகுதிகளின் புல்வெளிகளிலும் பாறைகளிலும் இரண்டும் வளர்கின்றன. ஒரே நிலம், ஒரே வறட்சி, ஒரே மாதிரி உருண்டை! பூக்காத இளஞ்செடிகளை மாற்றி எழுதியதில் வியப்பில்லை.

இத்துடன் நிறுத்திக்கொள்வதே நல்லது. வீடுகளில் வளரும் எக்கினாப்சிஸ் செடிகளில் பல, இரண்டு மூன்று இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்பினங்கள். ஆகவே புதுச் சீட்டில் பேரினப் பெயரை மட்டும் எழுதினால் போதும். சான்று எதுவரை செல்கிறதோ அதுவரை சென்று நிற்பதும் அறிவியலின் ஒழுக்கமே.

தலை ஒன்று, பூ வேறு

இதே ஜிம்னோகாலிசியம் என்ற சீட்டுடன் இன்னொரு செடியும் கடைகளில் விற்கிறது. பச்சைக் காம்பின் உச்சியில் செக்கச்சிவந்த பந்து ஒன்றை வைத்தாற்போல் இருக்கும். பார்த்திருப்பீர்கள். சிலர் அந்தப் பந்தைப் பூ என்றே நினைக்கிறார்கள். அது பூ அன்று. ஒரு முழுக் கள்ளி. பச்சையம் இல்லாமல் பிறந்த ஜிம்னோகாலிசியம் அது. பச்சையம் இல்லாததால் தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்க அதனால் இயலாது. தனியே மண்ணில் நட்டால் மடிந்துவிடும். எனவே அதை வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள்.

அடியில் இருக்கும் மூன்று பட்டைக் காம்பு பெரும்பாலும் ஹைலோசீரியஸ் என்னும் கொடிக்கள்ளி. வெண்சதை கொண்ட டிராகன் பழம் தருவதும் இதுவே. சில ஆண்டுகளில் சிவப்புத் தலை அழுகி விழுந்துவிடலாம். பச்சைக் காம்பு மட்டும் உயிருடன் தளிர்க்கும். வீட்டார் அதே சீட்டுடன் அதை வளர்ப்பார்கள். கொடியாகி, சுவரைப் பற்றி ஏறி, முதிர்ந்த பிறகு ஒரு நாள் இரவில் மிகப் பெரிய வெள்ளைப் பூ மலரும்போதுதான் உண்மை புலப்படும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹைலோசீரியஸ் மொட்டிலும் மயிர் இல்லை, முள் இல்லை. பச்சைச் செதில்கள்தாம் இருக்கின்றன. ‘ஆடையற்ற மொட்டு’ என்ற ஒரே அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டால் சீட்டு சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம்! பூவின் அளவு, மலரும் நேரம், தண்டின் அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். ஒரு சான்று ஒரு பெயரைப் பொய்யாக்கப் போதும். ஒரு பெயரை மெய்யாக்கப் பல சான்றுகள் வேண்டும்.

இலையில் பூத்த கமலம்

நம் வீடுகளில் ‘பிரம்ம கமலம்’ என்று போற்றி வளர்க்கப்படும் செடிக்கும் இத்தகைய கதை உண்டு. அது இரவில் பூப்பதைக் காண உறவினர்களை அழைத்துக் கற்பூரம் காட்டுவதும் உண்டு. இலையிலிருந்தே பூ வருகிறது என்று வியப்பார்கள். ஆனால் இலையில் பூ வருவதில்லை. பூ வருவது தண்டில். எனவே பூ வந்த அந்த ‘இலை’ உண்மையில் தட்டையான தண்டு என்று அப்பூவே நமக்குச் சொல்லிவிடுகிறது. விளிம்பில் உள்ள பள்ளங்களைப் பாருங்கள். அங்கேதான் முள்மேடைகள் இருக்கின்றன. அங்கிருந்துதான் மொட்டு கிளம்புகிறது. ஆம், இதுவும் ஒரு கள்ளியே. ‘எபிபில்லம் ஆக்சிபெட்டாலம்’ என்பது இதன் பெயர். மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் இதன் தாயகம்.

இமயமலையில் பிரம்ம கமலம் என்று அழைக்கப்படுவது முற்றிலும் வேறு செடி. அது ‘சாசூரியா ஓப்வல்லாட்டா’. சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் வளரும் அச்செடி உத்தராகண்ட் மாநிலத்தின் மாநில மலர். அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிர்நிறக் காகிதம் போன்ற உறைகளுக்குள் சின்னஞ்சிறு பூக்கள் நெருக்கமாகக் கூடி நிற்கும். இரு பூக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றை மற்றதென்று யாரும் சொல்லமாட்டார்கள். வழிபாட்டுக்கு இதனால் குறைவொன்றுமில்லை. ஆனால் தாவரவியல் ஏட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முடியாது.

பெயர் தவறினால் என்ன நட்டம்?

“பெயர் எதுவாயிருந்தால் என்ன? பூ அழகாக இருக்கிறதே!” என்று சிலர் கேட்கலாம். இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

‘கள்ளி’ என்ற நம் சொல்லே ஒரு பெயர்ச்சீட்டுதான். சங்கப் பாடல்களிலேயே கள்ளி வருகிறது. ஆனால் காக்டஸ் குடும்பச் செடிகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் மரங்களில் தொற்றி வளரும் ரிப்சாலிஸ் ஒன்றே இதற்கு விலக்கு. 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கா சென்ற பிறகே மற்றவை நம் பக்கம் வந்தன. எனவே நம் பழைய கள்ளி என்பது சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி போன்ற யூபோர்பியா வகைகளே. இவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னால் வந்த சப்பாத்திக்கு, உருவ ஒற்றுமையால், நம் முன்னோர் ‘சப்பாத்திக்கள்ளி’ என்று அதே பெயரை ஒட்டிவிட்டார்கள்.

சதுரக்கள்ளியை ஒடித்தால் வழியும் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அதைத் தொட்டியில் வளரும் காக்டஸ் என்று எண்ணி வெறுங்கையால் கிள்ளுவது ஆபத்து. பால் வந்தால் யூபோர்பியா, வராவிட்டால் காக்டஸ் என்று சொல்லிவிடலாமா? கூடாது, மாமில்லேரியா இனங்கள் சிலவற்றிலும் பால் வருகிறது. முள்மேடை உண்டா என்று பாருங்கள். யூபோர்பியாவில் அது இல்லை. பூத்துவிட்டாலோ ஐயமே இல்லை. யூபோர்பியாவின் பூ மிகச் சிறிய கிண்ணம் போன்றது. காய் ஆமணக்குக் காயைப் போல மூன்று அறைகள் கொண்டிருக்கும்.

மற்றச் செய்தி வரலாற்றைச் சேர்ந்தது. கொச்சினீல் என்னும் செந்நிறச் சாயம், சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியிலிருந்து கிடைக்கிறது. நெடுங்காலம் அவ்வாணிபம் ஸ்பானியர் கையில் இருந்தது. அதைக் கைப்பற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கென்றே சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆனால் வந்தது உண்மையான சாயப்பூச்சி அன்று. அதன் உறவினமான வேறொரு பூச்சி. பெயர் தவறிவிட்டது! தரமான சாயம் கிடைக்கவில்லை. அப்பூச்சி சப்பாத்திக்கள்ளிகளில் ‘ஓபன்ஷியா மோனகாந்தா’ என்ற ஓர் இனத்தைத் தின்று அழித்தது. அதே பேரினத்தின் ‘தில்லேனியை’ இனத்தை அது அழிக்கவில்லை. தென்னிந்தியாவில் அக்கள்ளி பல்லாயிரம் ஏக்கரில் முட்காடாய்ப் பெருகியது. 1926-இல் அதற்கேற்ற வேறொரு பூச்சி இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அக்காடு அடங்கிற்று.

நம் கண்ணுக்கு எல்லாம் சப்பாத்திக்கள்ளி. எல்லாம் வெள்ளைப் பஞ்சுப் பூச்சி. ஆனால் பூச்சிக்குத் தன் கள்ளி எது என்று தெரிந்திருந்தது.

பூவும் ஏமாற்றுமா?

பூவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் எக்கினாப்சிஸ் பூ ஏன் வெள்ளையாக, நீண்ட குழலுடன், இரவில் மலர்கிறது? அதன் மகரந்தத்தைச் சுமப்பது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி. மங்கிய வெளிச்சத்தில் சிவப்புப் பூ கருமையாகிவிடும். தன்மேல் விழும் சிறிதளவு ஒளியையும் திருப்பியனுப்பும் வெண்மைதான் எடுப்பாகத் தெரியும். தேன்சிட்டைப் போன்ற ஓசனிச்சிட்டை அழைக்கும் கள்ளிகளோ பகலில் சிவப்பாகப் பூக்கின்றன. அதாவது, விருந்தாளிக்கேற்பப் பூவும் காலப்போக்கில் மாறக்கூடும். வேறுவேறு கிளைகளில் ஒரே மாதிரிப் பூ தோன்றவும் கூடும்.

2012-இல் எக்கினாப்சிஸ் இனங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. பூவின் தோற்றத்தை வைத்து ஒன்றாகச் சேர்த்திருந்த இனங்கள் பல, நெருங்கிய உறவினங்கள் அல்ல என்று தெரியவந்தது. 2017-இல் ஹைலோசீரியஸ் பேரினமே ‘செலினிசீரியஸ்’ என்னும் பேரினத்துடன் இணைக்கப்பட்டது. ஆகவே டிராகன் பழச் செடியின் பழைய சீட்டும் இன்று மாற்றத்துக்கு உரியதே! இங்கே கடைக்காரர் பிழை ஒன்றும் இல்லை. அறிவு வளர்ந்திருக்கிறது, பெயர் அதனைத் தொடர்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பூக்காத கள்ளித் தொட்டி இருந்தால், இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சீட்டிலுள்ள பெயரை எழுதுங்கள். அப்பேரினத்தின் பூ எப்படி இருக்கும் என்று நூலகத்திலோ ஆசிரியரிடமோ கேட்டு, பூக்கும் முன்பே அதையும் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் கண்டதற்கேற்ப எழுதத் தோன்றும்.

முதல் மொட்டு தோன்றியதும், அது உச்சியிலா விலாவிலா, முள்மேடையிலா முண்டுகளின் இடுக்கிலா என்று குறியுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அடிக்கோலால் நீளத்தை அளந்து வரைபடம் போடுங்கள். மொட்டின் தோலைப் பூக்கண்ணாடியால் பாருங்கள்: செதிலா, மயிரா, முள்ளா? மலர்ந்த நேரத்தையும் வாடிய நேரத்தையும் எழுதுங்கள். பல கள்ளிகளின் பூ ஒரே இரவுதான் இருக்கும். மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்க்கலாம் என்று விட்டால் ஓர் ஆண்டு காத்திருக்க நேரலாம். வாடிய பூவை எறியாமல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சூற்பையும் மகரந்தத்தாள்களும் அமைந்திருக்கும் விதத்தைப் படம் வரையுங்கள். பால் வடியும் செடியானால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சீட்டு தவறு என்று தெரிந்தால், பழைய சீட்டை எறிந்துவிட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் புதுப் பெயரையும், தேதியையும், எந்த அடையாளத்தைக் கண்டு மாற்றினீர்கள் என்பதையும் பென்சிலால் எழுதி அதே தொட்டியில் செருகுங்கள். பென்சில் எழுத்து மையைப்போல் வெயிலில் மங்காது. அந்தச் செடியின் கன்றுகளை யார் யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.